தாம்போதியும் பாலமும்: வேர்ச்சொல் வேட்டை குறித்துச் சில கருத்துகள்

அண்மைக்காலமாக எமது சஞ்சிகைகளிலும் இலக்கியச் சந்திப்புகளிலும் வேர்ச்சொல் ஆராய்ச்சி என்ற பெயரில் ஒரு வேட்டை நடைபெறுகின்றது. ஓர் ஆங்கிலச் சொல்லை எடுப்பது, அதனைப்போல் ஒலிக்கும் தமிழ்ச் சொல்லைத் தேடுவது, உலகுக்குத் தமிழன் அளித்த கொடை இதுவென முடிப்பது. பாவாணரின் உழைப்பை மதிப்போரும் அவரது முறையிலுள்ள பலவீனத்தைப் பேசியாக வேண்டும். நீரின் குறுக்கே கல்லும் மண்ணும் இட்டு உயர்த்திய வீதியை யாழ்ப்பாணத்தில் தாம்போதி என்போம். ஆங்கிலேயர் 'கோஸ்வே' என்பர். இதனையே உதாரணமாகக் கொள்ளலாம்.

'கோஸ்வே'யின் பழைய வடிவம் 'கோஸி' மட்டுமே. அதன் பொருள் மங்கியபின் விளக்கத்துக்காக 'வழி' எனப் பொருள்படும் 'வே' வந்து ஒட்டிக்கொண்டது. 1755இல் வெளியான தமது அகராதியிலேயே சாமுவேல் ஜோன்சன், பிழையான சொற்பிறப்பு எண்ணத்தால் வந்த எழுத்து இதுவெனக் கண்டித்திருக்கிறார். 'கோஸி'யின் மூலம் பிற்கால இலத்தீனின் 'கல்சியாத்தா'. பாரிஸ் நண்பர்கள் தம் கட்டடங்களின் கீழ்த்தளத்தை 'ரே து ஷொசே' என்பார்களே, அந்த 'ஷொசே'யும் இதன் உடன்பிறப்புத்தான்: வீதி மட்டத்திலுள்ள தளம்.

'கல்சியாத்தா'வின் அடி 'கல்க்ஸ்', அதாவது சுண்ணாம்புக்கல். "கல்! தமிழ்க் கல்!" என்று கைதட்டத் தோன்றுகிறதல்லவா? இங்கேதான் நிதானம் தேவை. இலத்தீனச் சொல் 'காலிக்ஸ்' என்ற கிரேக்கச் சொல்லிலிருந்து வந்ததெனக் கொள்வதே பெருவழக்கு. மேலும், இலத்தீனில் குதிக்காலுக்கும் 'கல்க்ஸ்' என்றே பெயர். மிதித்து இறுக்கிய வழி என்று அதிலிருந்து பொருள் கொள்வோரும் உளர். ஓரசை ஒற்றுமை ஒன்று எதனையும் நிறுவாது. ஒழுங்கான ஒலிமாற்றங்கள், தொடர்பின் வரலாறு, எழுத்துச் சான்று ஆகியன வேண்டும்.

இவை அனைத்தும் உள்ள சொல்லும் எம்மிடம் இருக்கிறது. அணைக்கட்டு ஆங்கிலத்தில் 'அனிகட்' ஆனது. காவேரிப் பாசனத்தைக் கையேற்ற கும்பனியார் அச்சொல்லையும் கையேற்றனர். 1886இல் வெளிவந்த ஹொப்சன்-ஜொப்சன் அகராதி அதனைப் பதிவுசெய்துள்ளது. இதற்குக் கற்பனை வேண்டியதில்லை.

மறுபுறம், யாழ்ப்பாண அரசர் தம் நாணயங்களில் பொறித்த 'சேது' வடமொழிச் சொல். கட்டுதல் என்பது அதன் அடிப்பொருள். வரம்பு, அணை, பாலம் யாவும் அதனுள் அடங்கும். வடமொழி என்பதால் அது எம் வரலாற்றிலிருந்து நீங்கிவிடுமா? ஒரு சொல் யாருடையது என்பதைப் பிறப்பு மட்டும் தீர்மானிப்பதில்லை.

உண்மையான இழப்பு வேறிடத்தில் நிகழ்கிறது. தாம்போதி, மதகு, அணை எல்லாவற்றையும் 'பாலம்' என்ற ஒரே சொல்லுக்குள் போட்டு மூடிவருகிறோம். பாலம் கால்களில் நின்று நீரைக் கீழே போகவிடுகிறது. தாம்போதியோ நீரிலேயே கிடந்து அதனை மறிக்கிறது. மதகுகள் விடுமளவே நீர் போகலாம். பண்ணையிலும், வேலணைக்கும் புங்குடுதீவுக்கும் இடையிலும் தீவார் வள்ளமின்றிப் பயணிக்க வழிசெய்தது அதுவே. நீரேரியின் ஓட்டத்தைக் கட்டுப்படுத்துவதும் அதுவே. 1950களில் பொறியியலாளர் ஆறுமுகம் முன்வைத்த 'யாழ்ப்பாணத்துக்கு ஓர் ஆறு' திட்டத்தில், ஆனையிறவு வீதியின் கீழுள்ள நீர்வழிகளை அடைத்து உப்புநீரைத் தடுப்பதும் ஒரு கூறு. மதகை அடைத்தால் தாம்போதி அணையாகிவிடும் என்பதை இதைவிடத் தெளிவாக எந்த அகராதியும் சொல்லாது.

மனிதருக்கும் இதே கணக்குத்தான். தொண்ணூறுகளின் முற்பாதியில் ஆனையிறவு மூடப்பட்டபோது சனம் கிளாலியில் இரவில் வள்ளமேறியது. 1995 ஒக்டோபர் 30இல் வலிகாமத்து மக்கள் இலட்சக்கணக்கில், செம்மணிக்கு அப்பால் நீரேரி நடுவே செல்லும் ஒடுங்கிய வீதியாலும் நாவற்குழிப் பாலத்தாலும் தென்மராட்சிக்கு நெரிபட்டுச் சென்றனர். 2009 மே மாதத்தில் வட்டுவாகல். விலக இடமில்லாத, இருபுறமும் நீர் சூழ்ந்த வழி என்பது அந்நாட்களில் வெறும் புவியியல் விபரமல்ல. "பாலத்தைக் கடந்தார்கள்" என்று எழுதும்போது நடந்ததில் ஒரு பாதி விடுபட்டுப் போகிறது.

இலண்டனில் 'எலிபன்ட் அன்ட் காசில்' அருகே நியூவிங்டன் கோஸ்வே இருக்கிறது. ஒருகாலத்துச் சதுப்பு நிலம். இன்று சுற்றிலும் கட்டடங்கள். நீர் போனபின்னும் பெயர் நிற்கிறது. எமக்கு நேர்வது மறுதலை: நீர் அங்கே அப்படியே கிடக்கிறது, சொல் போகிறது. தொழிற்சாலைப் பணிமுறைக்கும் உறக்கத்துக்கும் இடையில் எமக்குக் கிடைக்கும் நேரம் சொற்பம். அதை இலத்தீனில் தமிழைத் தேடுவதில் செலவிடுவதா, கடற்றொழிலாளரும் மேசன்மாரும் வண்டிக்காரரும் வழங்கிய சொற்களை, அவற்றை அறிந்தோர் உயிரோடிருக்கையில் ஊர்வாரியாகத் தொகுப்பதா? இரண்டாவதே ஆராய்ச்சி என்பது என் நிலைப்பாடு. மறுப்போர் எழுதட்டும், சான்றுகளோடு எழுதட்டும்.

தோர்ண்டன் ஹீத்