தாழிடும் கைகள்

ஆப்கானிஸ்தானில் 2021-இல் மீண்டும் ஆட்சியைக் கைப்பற்றிய தாலிபான்கள், ஆறாம் வகுப்புக்கு மேல் சிறுமியர் பயில்வதைத் தடுத்தனர். 2022 டிசம்பரில் பல்கலைக்கழகங்களையும் பெண்களுக்கு அடைத்தனர். கேட்டு வருந்துகிறோம். ஆனால் அரசாணை ஏதுமின்றியே நம் ஊர்களில் எத்தனையோ சிறுமியரின் படிப்பு பருவமெய்தியதோடு முடிந்துபோயிற்றே, அது எவ்வாறு? இவ்வினாவை எழுப்பும் படைப்பு, 2004-இல் வெளிவந்த சல்மாவின் 'இரண்டாம் ஜாமங்களின் கதை'.

திருச்சி மாவட்டம் துவரங்குறிச்சியில் பிறந்த சல்மா, பதின்மூன்று வயதளவில் பள்ளியினின்று நிறுத்தப்பட்டு வீட்டுக்குள் வைக்கப்பட்டவர். தாம் அறிந்த அவ்வாழ்வையே நாவலாக்கினார். ஆண்கள் கடைவீதிக்கும் தொழுகைக்கும் பயணங்களுக்கும் போய்வருகின்றனர். பெண்களுக்கோ வீடும் முற்றமும் இரவுநேரப் பேச்சுமே உலகம். அப்பேச்சில் கேலியும் பசியும் பொறாமையும் பரிவும் ததும்புகின்றன. இப்பெண்களை வெறும் பரிதாபப் பொருள்களாக ஆசிரியர் காட்டாதது நாவலின் பெரும் சிறப்பு.

உறவுமுறைகள் மிகுந்து, யார் யாருடைய மகள் என வாசகர் தடுமாறும் இடங்கள் பல. ஆண் பாத்திரங்கள் சிலர் நிழலாகவே நின்றுவிடுகின்றனர். முன்னதைக் குறையென்போம், பின்னதைக் குறையென்னத் தயங்குகிறோம். உள்ளிருந்து பார்ப்பவளுக்கு வெளியே திரிபவன் அவ்வளவே தெரிவான்.

பழனிசெட்டிபட்டியில் நண்பர்கள் சிலர் கூடி இந்நூலைப் பற்றி உரையாடியபோது, "இது அவர்கள் சமூகத்து வழக்கம்" என்றார் ஒருவர். கூட்டத்திலிருந்த மூத்த பெண்மணி மெல்லச் சொன்னார்: "என்னை எட்டாம் வகுப்போடு நிறுத்தியது எந்த ஜமாஅத்தும் இல்லை ஐயா. பெற்றவள்தான். ஊர் வாய்க்குப் பயந்தாள்." அவர் நம் ஆலயத்தில் பெண்கள் பகுதியில் முக்காடிட்டு அமர்பவர். அதன்பின் நெடுநேரம் எவரும் பேசவில்லை.

நாவலின் உயிர்நாடியும் அதுவே. திரைப்படம் பார்க்கப் போன சிறுமி ராபியாவை அடிப்பவள் தாய். கணவனை மறுத்து, வேறொருவனிடம் மனத்தைக் கொடுத்த பிர்தவ்ஸுக்கு நஞ்சூட்டுபவளும் தாய். சட்டத்தை ஆண்கள் வகுக்கலாம். அதை நாள்தோறும் நிறைவேற்றும் பொறுப்போ பெண்களின் தலையில் ஏற்றப்படுகிறது. மகள் தவறினால் பழி தாய்க்கே. அந்த அச்சந்தான் அன்பு நிறைந்த கையையும் தாழிட வைக்கிறது. கொடியவளென்று ஒருத்தியைச் சுட்டிவிட்டு நாம் விலகிக்கொள்ள ஆசிரியர் இடம்தரவில்லை.

ஆயினும் அக்கை தாழைத் திறக்கவும் கூடும். திருமணத்துக்குப் பின் மறைத்து மறைத்து எழுதிய சல்மாவின் கவிதைகளை வீட்டுக்கு வெளியே கொண்டுசேர்த்தவர் அவருடைய தாயே. அக்கவிதைகளின் வழியே வெளியுலகு அறிந்த சல்மா, 2001-இல் தம் பகுதியின் உள்ளாட்சித் தலைவரானார். 2025-இல் மாநிலங்களவை உறுப்பினருமானார்.

எனவே இந்நாவலைப் பிறர் வீட்டுக் கதையாக எண்ணிப் படிப்பது பயனற்றது. நம் பள்ளத்தாக்கின் இல்லங்களில் தாயும் மகளும் சேர்ந்து இதைப் படிக்கட்டும். தந்தையரும் உடனமர்ந்து கேட்கட்டும். மகளை எந்த வகுப்போடு, யாருக்கு அஞ்சி நிறுத்தினோம் என்ற கேள்விக்கு அவரவர் வீட்டிலேயே விடை கிடைக்கும்.