பம்பரத்தின் இரண்டு பொட்டுகள்

ஜெர்மனியின் ரோசாட் செயற்கைக்கோள் 1990களில் எடுத்த தரவில் அகப்பட்ட ஏழு நியூட்ரான் விண்மீன்களை வானியலாளர்கள் 'மகத்தான ஏழு' என்பார்கள். அவற்றுக்குத் துணை விண்மீன் கிடையாது. ரேடியோத் துடிப்பும் உறுதியாகக் கிடைக்கவில்லை. சுடும் மேற்பரப்பிலிருந்து வரும் எக்ஸ் கதிரே முதன்மைச் சாட்சி. அதை வைத்து அவற்றின் சுழற்சியை எவ்வளவு உறுதியாகச் சொல்ல முடியும்?

முறை எளிது. ஒவ்வொரு ஃபோட்டானும் வந்து சேர்ந்த நேரத்தைக் குறித்துக்கொள்கிறார்கள். பூமியின் நகர்வால் வரும் வேறுபாட்டைத் திருத்துகிறார்கள். பிறகு அந்த வரிசையைப் பல்லாயிரம் கால அளவுகளில் மடித்து மடித்துப் பார்க்கிறார்கள். சரியான அளவில் மடித்தால் ஏற்ற இறக்கம் ஒன்றன்மேல் ஒன்று படிந்து தெளிவாகும். சிக்கலும் அங்கேதான். இத்தனை அளவுகளைச் சோதித்தால், ஏதோ ஒன்றில் தற்செயலாகவும் ஒரு மேடு எழும்.

எழுந்தும் இருக்கிறது. ஏழில் ஒன்றான ஆர்எக்ஸ் ஜே0420 விண்மீனின் சுழற்சிக் காலம் ரோசாட் தரவிலிருந்து 22.7 விநாடி என்றார்கள். அதைவிடப் பெரிய எக்ஸ்எம்எம்-நியூட்டன் தொலைநோக்கி அதை 3.45 விநாடி என்று திருத்தியது. ஆர்எக்ஸ் ஜே1605க்கு 2014இல் அறிவித்த 3.39 விநாடித் துடிப்பு, பின்னர் நீண்ட நேரம் பார்த்தபோது தென்படவில்லை.

இன்னொரு பிழை நுட்பமானது. பம்பரத்தில் எதிரெதிராக இரண்டு பொட்டு வைத்துச் சுற்றினால், இரண்டும் ஒன்றுபோல இருக்கும்வரை கண் ஒரு சுற்றை இரண்டாக எண்ணிவிடும். விண்மீனின் மேற்பரப்பில் உள்ள இரண்டு சூடான பொட்டுகளும் அப்படித்தான்; ஆர்எக்ஸ் ஜே1308 இவ்வாறே ஏமாற்றியது. முதலில் 5.16 விநாடி என்றார்கள். இரு மேடுகளும் சமமல்ல என்று தெரிந்ததும் அது 10.31 விநாடி ஆனது. 8.39 விநாடி என்று இருபது ஆண்டுகள் நம்பப்பட்ட ஆர்எக்ஸ் ஜே0720க்கும் 2017இல் இதே ஐயம் எழுந்தது, உண்மை 16.78 ஆக இருக்கலாம் என்றது ஓர் ஆய்வு.

துடிப்பு இல்லை என்ற முடிவு இவற்றைவிட ஆபத்தானது. ஆர்எக்ஸ் ஜே1856ஐச் சந்திரா தொலைநோக்கி நெடுநேரம் பார்த்தும் துடிப்பு அகப்படவில்லை. மேற்பரப்பு முழுவதும் ஒரே வெப்பம், ஆகவே ஆரம் மிகச் சிறியது, ஆகவே இது நியூட்ரான் விண்மீனைவிடவும் அடர்ந்த குவார்க் விண்மீனாக இருக்கலாம் என்று 2002இல் அறிவிப்பு வந்தது. ஆனால் சில சதவீதத்துக்குக் கீழான துடிப்பை அந்தத் தரவு காட்டியிருக்கவே முடியாது. 2007இல் எக்ஸ்எம்எம்-நியூட்டன் 7.06 விநாடித் துடிப்பைப் பிடித்தது. அதன் அளவு ஏறத்தாழ ஒரு சதவீதம். கருவியின் எல்லையை விண்மீனின் இயல்பாக வாசித்ததே அன்றைய பிழை.

அதே விண்மீன்தான் இந்த முறையின் வலிமைக்கும் சான்று. பல தேதிகளின் துடிப்புகளைக் கோத்து, அதன் சுழற்சிக் காலம் ஆண்டுக்குச் சுமார் ஒரு மைக்ரோவிநாடி நீள்வதை 2008இல் அளந்தார்கள். நானூறு ஒளியாண்டு தொலைவில் உள்ள ஒன்றைப் பற்றி இத்தனை நுட்பமாகச் சொல்வது சாதாரணமல்ல.

ஆனால் அந்த வேகக் குறைவிலிருந்து வயதைக் கணக்கிட்டால் சுமார் 40 லட்சம் ஆண்டு வருகிறது. விண்மீன் வானில் நகர்ந்த பாதையைப் பின்னோக்கித் தொடர்ந்தால் நான்கைந்து லட்சம்தான். பிறக்கும்போது மிக வேகமாகச் சுழன்றது, காந்தப்புலம் அன்றுமுதல் மாறவில்லை என்ற இரண்டு ஊகங்கள் அந்தக் கணக்கில் ஒளிந்திருக்கின்றன. இங்கே பொய்ப்பது அளவீடு அல்ல, ஊகம்.

ஆகவே என் தீர்ப்பு மூன்று படிகளில் நிற்கிறது. வேறு வேறு ஆண்டுகளில் திரும்பத் தெரிந்த, மேடுகளின் வடிவமும் சோதிக்கப்பட்ட சுழற்சிக் காலத்தை நம்பலாம். ஒரே முறை தெரிந்த துடிப்பையும், தெரியாத துடிப்பையும் நிலுவையில் வைக்க வேண்டும். சுழற்சியிலிருந்து மட்டும் கணக்கிட்ட வயதை, வேறொரு சாட்சி வரும்வரை ஏற்கக் கூடாது.