சதுரங்கப் பலகையின் சமச்சீரும் கணினித் தரவுத்தளங்களும்: ஒரு மதிப்பீடு

கணினிக்குச் சதுரங்கம் கற்பிக்க ஏராளமான ஆட்டநிலைகள் தேவை. கையில் உள்ளவை குறைவு எனில், பலகையைச் சுழற்றியும் கண்ணாடிப் பிம்பம் போல மாற்றியும் அவற்றை எட்டு மடங்காக்கலாம் என்று சொல்லப்படுவதுண்டு. இக்கூற்றில் பாதிதான் உண்மை.

எட்டு என்ற எண் எங்கிருந்து வந்தது? ஒரு சதுரத்தை நான்கு விதமாகச் சுழற்றலாம், நான்கு விதமாகப் பிரதிபலிக்கலாம். நேபாளத்தின் பாக்சால் ஆட்டத்தில் 25 புள்ளிகள், 4 புலிகள், 20 ஆடுகள்; பலகை சதுரம், காய்களுக்குத் திசை கிடையாது. எனவே எட்டும் பொருந்தும். நம் ஊர் ஆடுபுலி ஆட்டத்தில் 23 புள்ளிகள், 3 புலிகள், 15 ஆடுகள். மேலே ஒரே உச்சி இருப்பதால் இடவலப் பிரதிபலிப்பு மட்டுமே மிஞ்சும். இரண்டு மடங்கோடு சரி.

சதுரங்கத்தில் பலகை சதுரம்தான், ஆனால் விதிகள் சமச்சீரானவை அல்ல. சிப்பாய் முன்னோக்கி மட்டுமே நகர்வதால் சுழற்சிகள் அடிபட்டுப்போகின்றன. மிஞ்சும் இடவலப் பிரதிபலிப்பையும் காஸ்லிங் தடுக்கிறது. இ1-இல் உள்ள வெள்ளை ராஜா காஸ்லிங்கில் ஜி1 அல்லது சி1 செல்லும். பிம்பத்தில் அது டி1-இல் நிற்கும். அங்கிருந்து காஸ்லிங் செய்ய விதியே இல்லை. ஆகவே இரு தரப்பும் காஸ்லிங் உரிமையை இழந்த பிறகே ஒரு நிலையைப் பிரதிபலிக்கலாம். தொடக்க ஆட்ட நிலைகள் பெரும்பாலும் இதனால் விலக்கப்படும்.

எப்போதும் செல்லுபடியாகும் மாற்றம் ஒன்று உண்டு: பலகையை மேல்கீழாகப் பிரதிபலித்து, காய்களின் நிறத்தையும் மாற்றுவது. இதைச் சுழற்சியோடு குழப்பிக்கொள்வது எளிது. வெள்ளை ஆடுபவருக்கு ராணி ராஜாவின் இடப்புறம்; எதிரே அமர்ந்தவருக்கோ வலப்புறம். 180 பாகை சுழற்றி நிறம் மாற்றினால் ராஜா தவறான கட்டத்தில் போய் நிற்கும். யாருடைய முறை, யாருக்கு வெற்றி என்ற குறிப்புகளையும் உடன் மாற்றாவிட்டால் தரவு முழுவதும் பாழ்.

சமச்சீர் பிசகில்லாமல் பயன்படுவது இறுதியாட்ட அட்டவணைகளில். அங்கே நோக்கம் பெருக்குவது அல்ல, சுருக்குவது. இரு ராஜாக்களும் ஒன்றையொன்று தொடாமல் நிற்கும் வழிகள் 3612. சிப்பாய் இல்லாத நிலைகளில் எட்டு சமச்சீர்களும் உண்டு. 3612-ஐ 8-ஆல் வகுத்தால் 451.5. அரை நிலை ஏது? இரு ராஜாக்களும் ஒரே மூலைவிட்டத்தில் நின்றால் ஒரு பிரதிபலிப்பு அதே நிலையைத் திருப்பித் தருகிறது. அவற்றைச் சரியாக எண்ணினால் விடை 462. 'எட்டு மடங்கு' என்று கண்ணை மூடிக்கொண்டு பெருக்குபவர் ஒரே நிலையை இரண்டு முறை சேர்த்துவிடுகிறார். சிப்பாய் இருந்தால் 1806; அங்கே பாதிதான் குறையும்.

2017-இல் வெளியான ஆல்ஃபாகோ சீரோ, கோ ஆட்டத்தின் எட்டுச் சமச்சீர்களையும் பயன்படுத்தியது. அடுத்து வந்த ஆல்ஃபாசீரோ, சதுரங்கத்துக்கும் ஷோகிக்கும் பொருந்தாது என்று அவற்றைக் கைவிட்டது. பொதுமுறை ஒன்றை நாடியவர்களுக்கு அது சரியே. ஆனால் பலகையை நகர்த்துபவரின் பக்கமிருந்து காட்டும் ஏற்பாடு அதிலும் இருந்தது. நிறச் சமச்சீர் முழுவதும் போய்விடவில்லை. மேலும், ஆட்டங்களை உருவாக்க மட்டும் 5000 சிறப்புச் செயலிகள் இருந்தன. 9 மணி நேரத்தில் 4.4 கோடி சதுரங்க ஆட்டங்களை அது தனக்குள் ஆடிக்கொண்டது. தரவுக்குப் பஞ்சமில்லாதவருக்குச் சமச்சீர் எதற்கு? ஜவ்வாது மலையில் ஜமுனாமரத்தூர் போன்ற ஊரிலிருந்து பழைய மடிக்கணினியில் முயலும் மாணவர் அந்த முடிவை அப்படியே பின்பற்றினால் இழப்பு அவருக்குத்தான். காஸ்லிங் முடிந்த நிலைகளில் இரண்டு மடங்கும், நிற மாற்றத்தைச் சேர்த்தால் நான்கு மடங்கும் கிடைக்கும்.

ஆனால் நான்கு மடங்கு நிலைகள் என்றால் நான்கு மடங்கு அறிவு என்று பொருளில்லை. மூல ஆட்டத்தில் ஒருவர் செய்த பிழை, பிம்பங்களிலும் பிழையாகவே வரும். இதைவிடப் பெரிய ஆபத்து சோதனையில் உள்ளது. முதலில் பெருக்கி, பிறகு பயிற்சிக்கும் சோதனைக்கும் பிரித்தால், ஒரு நிலை பயிற்சியிலும் அதன் பிம்பம் சோதனையிலும் அமரும். வினாத்தாளை முதல் நாளே காட்டிவிட்டுத் தேர்வு வைப்பது போல மதிப்பெண் உயரும். முதலில் ஆட்டம் ஆட்டமாகப் பிரித்து, அதன் பின் பயிற்சிப் பகுதியை மட்டும் பெருக்க வேண்டும்.