நெல்லும் ஆளும் ஏறிய கப்பல்

'வாஸ்கோ ட காமா இந்தியாவுக்குக் கடல்வழி கண்டுபிடித்தார்.' பள்ளிக்கூடத்தில் நாமெல்லாம் மனப்பாடம் செய்த வாக்கியம். யாருக்குப் புதுசு இந்த வழி? 1498 ஏப்ரலில் கிழக்கு ஆப்பிரிக்காவின் மலிந்தியில், அந்தக் கடலை அறிந்த ஒரு மாலுமியை ஏற்றிக்கொண்டு, பருவக்காற்றைப் பிடித்துத்தான் காமா மே மாதம் கோழிக்கோட்டுக்கு வந்து சேர்ந்தார். வழி இருந்தது, வழி தெரிந்தவர்களும் இருந்தார்கள். 'கண்டுபிடிப்பு' என்ற சொல்லாடல் செய்யும் முதல் வேலை, தெரிந்தவனைப் பெயரற்றவனாக்குவது.

1998இல் அந்த வருகையின் 500ஆம் ஆண்டு வந்தபோது இங்கே எழுந்த எதிர்ப்பு நியாயமானது. ஆனால் தமிழில் நாம் வழக்கமாகத் தரும் பதிலையும் கேள்விக்குட்படுத்த வேண்டியிருக்கிறது. 'அவனுக்கு முன்னாடியே நம்ம ஆளு போயிட்டான்': 1025, ராஜேந்திரன், கடாரம். இதை எதிர்க்கதையாடல் என்று சொல்வதற்கில்லை. கதை அதேதான், நாயகன் மட்டும் மாறியிருக்கிறான். கப்பலின் மேல்தளத்தில் நிற்பவனே வரலாறு என்பதை இரு தரப்பும் ஒப்புக்கொள்கின்றன.

கீழத்தஞ்சை வயலிலிருந்து பார்த்தால் வேறொன்று தெரிகிறது. 16ஆம் நூற்றாண்டில் நாகப்பட்டினத்தில் குடியேறிய போர்ச்சுகீசியர் பெரும்பாலும் கோவாவின் பிடிக்குள் அடங்காத தனி வியாபாரிகள். சஞ்சய் சுப்ரமணியம் 1990இல் வெளியிட்ட 'இம்ப்ரவைசிங் எம்பயர்' நூல் வங்கக் கடலோரத்தின் இந்த உலகத்தை விரிவாகக் காட்டுகிறது. தேடல் பயணிகள் என்று அழைத்தால் அவர்களே சிரித்திருப்பார்கள். இலங்கையில் போர்ச்சுகீசியர் வைத்திருந்த கோட்டைகளுக்குச் சோறு வேண்டியிருந்தது. சோழமண்டலக் கரையிலிருந்து அரிசி போனது. ஆக, பேரரசின் கடல்வழி சேற்றில் தொடங்குகிறது. நாற்று நட்டவள், அறுத்தவன், களத்தில் அடித்தவன்: வணிக வரலாறு மூட்டையை எண்ணத் தொடங்கும்போது இவர்கள் வேலை முடிந்துவிடுகிறது. அதனால் பிரதிக்குள் இவர்கள் வருவதில்லை.

வருகிற ஓர் இடம் உண்டு. பஞ்சம். அப்போது இவர்களே சரக்கு. 1658இல் டச்சுக்காரர்கள் நாகப்பட்டினத்தைப் போர்ச்சுகீசியரிடமிருந்து பிடித்தார்கள். அடுத்த ஆண்டு பீஜப்பூர்ப் படைகள் தஞ்சை நாட்டுக்குள் இறங்கின. போரோடு பஞ்சமும் சேர்ந்துகொண்டது. 1659க்கும் 1661க்கும் இடையில் ஆயிரக்கணக்கானவர்களை டச்சுக்காரர்கள் அடிமைகளாக வாங்கி இலங்கைக்கும் பட்டாவியாவுக்கும் அனுப்பினார்கள். அவர்களுக்கு முன்பு போர்ச்சுகீசியரும் இந்தக் கரையில் இதே வியாபாரம் செய்தவர்கள்தான். கொடி மாறியது, கொள்முதல் மாறவில்லை. நல்ல வருஷத்தில் நெல் போன வழியில், கெட்ட வருஷத்தில் நெல்லை விளைவித்தவர்கள் போனார்கள்.

'எல்லாம் வெள்ளைக்காரன் செஞ்ச கொடுமை' என்று இதை முடித்துவிடலாமா? அங்கதான் சிக்கல். திருப்பாம்புரம் கோயிலில் 1201ஆம் ஆண்டுக் கல்வெட்டு ஒன்று இருக்கிறது. பஞ்சத்தில் சாகாமலிருக்க ஒரு வேளாளரும் அவருடைய இரு பெண்களும் 110 காசுக்குக் கோயிலிடம் தங்களையே விற்றுக்கொண்டதை அது சொல்கிறது. காமாவுக்கு ஏறக்குறைய 300 ஆண்டு முன்பு, சோழர் காலம். வேளாளருக்கே அந்தக் கதி என்றால் சேரியைப் பற்றி யோசித்துக்கொள்ளலாம். ஆளை விலைபேசும் வழக்கத்தை ஐரோப்பியக் கப்பல் இங்கே கொண்டுவரவில்லை. இருந்ததைக் கடலோடு இணைத்தது, அளவைப் பெருக்கியது. நிலத்தோடு கட்டிப்போட்டிருந்த ஆளை அவிழ்த்து ஏற்றிக்கொண்டது.

1968 டிசம்பர் 25 இரவு, அதே நாகப்பட்டினத்துக்குப் பக்கத்தில் கீழ்வெண்மணியில், நெல் கூலியை உயர்த்திக் கேட்ட போராட்டத்தின் நடுவே 44 பேர் எரித்துக் கொல்லப்பட்டார்கள். 1661இலிருந்து 1968க்கு நேர்கோடு ஒன்று போட்டுவிட முடியாது. ஆனால் நெல் யாருடையது, அதை விளைவித்த உடல் யாருடையது என்ற கேள்வி இரண்டு இடத்திலும் ஒன்றுதான். கடல்வழியை முதலில் கண்டது காமாவா, ராஜேந்திரனா என்ற பட்டிமன்றத்தில் இந்தக் கேள்வியை எழுப்ப முடியாது. இரு தரப்புக்கும் அந்தப் பட்டிமன்றம் அவ்வளவு வசதியாக இருப்பது அதனால்தான்.