தரையில் உட்காரும் டாக்டர்

நல்ல நாய் டாக்டரை அவர் கை மேலே படுவதற்கு முன்பே அடையாளம் கண்டுவிடலாம். தரையில் குந்தி, கண்ணுக்குக் கண் பார்க்காமல் பக்கவாட்டில் திரும்பி, நாய் முகர்ந்து முடிக்கும்வரை காத்திருப்பார். ஸ்டெதாஸ்கோப்பின் வட்டத்தை உள்ளங்கையில் தேய்த்துச் சூடாக்கிக்கொள்வார். பின்தொடையின் உட்புறத்தில் நாடி பார்ப்பதும், ஈறை அழுத்திவிட்டு வெளுத்த இடம் 2 விநாடிக்குள் மறுபடி சிவக்கிறதா என்று கவனிப்பதும் தடவிக்கொடுப்பதுபோலவே நடந்துவிடும்.

எனக்கு மிகவும் பிடித்தது, அந்த விரல்கள் வயிற்றில் நகரும் நிதானம். வலிக்கிற இடத்தை நாயால் சொல்ல முடியாது. தசை இறுகுவதையும், நாக்கு சட்டென்று மூக்கை நக்குவதையும் வைத்தே அவர் தெரிந்துகொள்கிறார். வீட்டாரிடம் கேட்பதும் அதே பொறுமையோடுதான்: தண்ணீர் அதிகம் குடிக்கிறானா, படியேறத் தயங்குகிறானா? வீட்டுப் பாட்டி சுற்றிவளைத்துச் சொல்லி முடிக்கும்வரை பேனாவைத் தொடுவதில்லை.