தொலைந்தது எது?

1963 மார்ச் 6 அன்று ஜான் கோல்ட்ரேனின் நால்வர் குழு நியூ ஜெர்ஸியில் வான் கெல்டரின் ஒலிப்பதிவுக்கூடத்தில் வாசித்ததை, 2018இல் ‘தொலைந்த ஆல்பம்’ என்று இம்பல்ஸ் வெளியிட்டது. முதல் மனைவி நயீமாவின் குடும்பத்திடம் எஞ்சியிருந்த நாடாப் பிரதி. ஆல்பம் என்று ஒன்று இருந்தால்தானே தொலைவதற்கு? இரண்டு உருப்படிகளுக்குப் பெயரே இல்லை. 11383, 11386 என்ற எண்கள்தான். ‘இம்ப்ரெஷன்ஸ்’ 4 தடவை வாசிக்கப்படுகிறது. எதை வைப்பது, எதைத் தள்ளுவது என்று முடிவுசெய்ய அவர் இல்லை, 1967இல் இறந்துவிட்டார். (கணக்கு முடிக்காத நாளை வங்கியில் நாங்கள் நாளாகவே ஏற்பதில்லை.)

ஆனால் ‘ஸ்லோ ப்ளூஸ்’ 11 நிமிஷமும் என்னை எழுந்திருக்க விடவில்லை. சாக்ஸஃபோன் ஒன்றைத் தொடங்குகிறது, திருப்தியில்லாமல் விடுகிறது, வேறு பக்கமாக வந்து தொடுகிறது. அடித்தல் திருத்தல்களோடு கூடிய கையெழுத்துப்படி என்று வெளியிட்டிருந்தால் எனக்குச் சண்டையே இல்லை.