முழு நைட்டும் சில எலிகளும்

ஜார்ஜி புசாக்கியின் 'ரிதம்ஸ் ஆஃப் தி பிரெயின்' (2006) நூலை முதல்முறை தப்பாகத்தான் படித்தேன். மென்பொருள் வேலை செய்பவனுக்கு எல்லாமே மென்பொருள். பகலில் டேட்டா வருகிறது, ராத்திரி பேட்ச் ஜாப் ஓடுகிறது. தூக்கம் என்றால் பேக்கப், அவ்வளவுதானே என்று மூடிவைத்துவிட்டேன்.

திரும்ப எடுக்கவைத்தது அம்மா. வேடசந்தூர்ப் பக்கம் ஒரு நூல் மில்லில் பதினோரு வருஷம் வேலை பார்த்தவள். பாதி நாள் முழு நைட்டு. போன பொங்கலுக்குத் திண்டுக்கல் போயிருந்தபோது, ஆறாம் வகுப்பில் என் கை உடைந்த கதையை எடுத்தேன். "அப்படியாடா? எனக்கு ஞாபகமே இல்லையே" என்றாள். ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனதே அவள்தான். ஆனால் அறுந்த இழையை எப்படி ஒட்டுவது என்று கேட்டால் இன்றும் காற்றிலேயே விரல் ஓடும்.

தூக்கம் கெட்டது, ஞாபகம் போனது. இந்த வாக்கியம் எனக்கு ரொம்ப வசதியாக இருந்தது. அதற்கு ஆதாரம் தேடித்தான் புசாக்கியிடம் திரும்பிப் போனேன்.

கிடைத்தது வேறு. எலி நடமாடும்போது ஹிப்போகேம்பஸில் தீட்டா தாளம் ஓடும், அனுபவம் தற்காலிகமாகப் பதியும். ஓய்விலும் ஆழ்தூக்கத்திலும் ரிப்பிள் என்ற அதிவேகச் சிற்றலைகள் அதை உறுதிப்படுத்தும். இது அவர் 1989-இல் சொன்னது. 2009-இல் பாரிஸில் ஜிரார்தோ, ஸுகாரோ ஆகியோர் அவரோடு சேர்ந்து இதைச் சோதித்தார்கள். எட்டுக் கிளைப் பாதையில் தீனி எங்கே இருக்கிறது என்று எலிகள் கற்கின்றன. பிறகு ஒரு மணி நேரம் தூக்கமும் ஓய்வும். அந்த நேரத்தில் ரிப்பிள் கிளம்பும்போதெல்லாம் சிறு மின்துடிப்பால் அதைக் கலைத்துவிடுகிறார்கள். இன்னொரு கூட்டத்துக்கும் அதே எண்ணிக்கையில் துடிப்பு, ஆனால் ரிப்பிள் முடிந்த பிறகு. இரண்டு கூட்டமும் ஒரே மாதிரிதான் தூங்கின. ரிப்பிள் கலைந்தவை மட்டும் கற்பதில் பின்தங்கின.

எனக்குப் பிடித்தது அந்த இரண்டாவது கூட்டம். அது இல்லாவிட்டால் 'எட்டு மணி நேரம் தூங்கு, ஞாபகம் கூடும்' வகை வாட்ஸப் அறிவுரையோடு இதுவும் சேர்ந்திருக்கும். இங்கே எத்தனை மணி நேரம் என்ற கேள்வியே இல்லை.

என் பேக்கப் உவமை செத்தது 2024-இல். சயின்ஸ் இதழில் புசாக்கி குழுவின் கட்டுரை. சுண்டெலி ஓடி முடித்து, நின்று, பரிசை ருசிக்கும் இடைவேளையிலேயே ரிப்பிள் வருகிறது. அப்படி ரிப்பிள் பின்தொடர்ந்த ஓட்டங்களே பிற்பாடு தூக்கத்தில் மறுபடி ஓடுகின்றன. எதை வைத்துக்கொள்வது என்பதற்கான குறி விழித்திருக்கும்போதே, சும்மா நிற்கும்போதே விழுந்துவிடுகிறது. எல்லாவற்றையும் அள்ளிப்போடும் பேக்கப்பா இது?

என் குறை ஒன்று உண்டு. பாதை தேடும் பொறிமுறையிலிருந்தே நினைவு பரிணமித்தது என்று 2013-இல் எட்வர்ட் மோசரோடு எழுதினார். 'தி பிரெயின் ஃப்ரம் இன்சைட் அவுட்' (2019) நூலிலும் அந்த வாதம் தொடர்கிறது. அழகான கருதுகோள்தான். ஆனால் எலியின் பாதையில் ஊன்றி நடக்கும் எழுத்து, மனித வாழ்க்கையின் நினைவுக்கு வரும்போது பறக்கத் தொடங்கிவிடுகிறது. அம்மாவின் விரலில் இருப்பது ஹிப்போகேம்பஸை அவ்வளவாக நம்பாத வேறு வகை நினைவு. என் உடைந்த கை எங்கே போனது என்று எந்த எலியும் சொல்லாது. வெறுமனே மறந்தும் இருக்கலாம், எல்லா அம்மாக்களையும் போல.

தெரிந்தும் போன வாரம் போனில் கேட்டேன்: முழு நைட்டில் இடையில் உட்கார விடுவார்களா?

"டீக்கு பத்து நிமிஷம். அதுல பாதி, தலைல பஞ்சு தட்டவே சரியாப் போயிரும். ஏன்டா இதெல்லாம் கேக்குற?"